நாலடி இரண்டங்குலம்

படுக்கையறைக் கதவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில்
நாலடி இரண்டங்குலம்.
மூன்று தரம் அளந்தாயிற்று.
நாடாவை இழுத்துப் பிடித்தால் நாலடி மூன்று வரும்
என்கிறார் ஜெயறூபன்.
நாடாவை இழுக்கலாம்,
சுவரை இழுக்க ஏலுமா?

கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி.
வாடகை ஒப்பந்தத்தில்
'பெரியவர்கள் இருவர்' என்றிருக்கிறது.
வீட்டுக்காரர் இன்னும் என் வயிற்றைப் பார்க்கவில்லை.
முதலாந்திகதி அவர் வரும்போது
கதவுக்குப் பின்னால் நின்று
காசுள்ள கையை மட்டும் நீட்டுகிறேன்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அதுவும் ஒப்பந்தம்.
கூரையில் இருப்பது ஒரேயொரு கொக்கி.
அதில் காற்றாடி தொங்குகிறது.
ஏணையா காற்றாடியா என்று
சித்திரை மாதத்துக் கொழும்பில்
யாரும் யாரையும் கேட்பதில்லை.

இரண்டாம் மாடி ரிஸானாத்தா
தன் தொட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றி
மகனிடம் கொடுத்தனுப்பினா.
திருகாணிகள் ஒரு ஜாம் போத்தலில்.
மேல்கம்பியில் வரிசையாய்ப் பல்லடையாளம்,
தேக்கையே கடித்திருக்கிறது ஏதோவொரு பசி.
யாருடையது என்று கேட்டேன்.
"நடுவிலானுடையது.
இப்ப கட்டாரில லொறி ஓட்டுறான்."

பூட்டிப் பார்த்தோம். நாலடி நாலங்குலம்.

பியசேன பாஸ் வந்தார்,
காதில் பென்சில், தோளில் வாள்.
இரண்டங்குலம் போக வேண்டும், எந்தப் பக்கத்தால்?
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
பல்லுள்ள பக்கம் வேண்டாம் என்றேன்.
அவர் என் வாயைப் பார்த்தார்,
பிறகு கம்பியைப் பார்த்தார்,
பிறகு சிரித்துக்கொண்டு மறுபக்கத்தால் அறுத்தார்.
மரத்தூள் குசினி வரைக்கும் பறந்தது.
அன்றைக்குப் பருப்பிலும் கொஞ்சம் தேக்கு.

இனி அந்த மூலை.
அங்கே ஆறு வருசமாக நின்றது
அவருடைய நீலப் பயணப்பை.
கலியாணமான புதிதில்
இதென்ன, ஏன் கதவடியில் என்று கேட்டேன்.
"சும்மா" என்றார்.
கூட்டும்போது தூக்கிவைத்துவிட்டுக் கூட்டுவேன்,
திரும்ப அதே இடத்தில் வைப்பேன்.
திறந்ததில்லை.

நேற்றிரவு ஒரு மணிக்கு முழிப்பு வந்தது.
மண்டபத்து வெளிச்சத்தில்
சப்பாணி கட்டி இருந்து
அவர் பையைக் குடைந்துகொண்டிருந்தார்.
சிப் துருப்பிடித்து, எண்ணெய் விட்டும் அசையவில்லை;
கத்தியால் கிழித்திருந்தார் ஓரத்தை.
இரண்டு சேர்ட், இப்போது அளவில்லாதவை.
பிறப்புச் சாட்சிப் பத்திரம், அதன் பிரதிகள் பத்துப் பன்னிரண்டு.
லொட்ஜில் இருந்த காலத்துப் பொலிஸ் பதிவுத் துண்டு,
மடிப்பில் எழுத்து உதிர்ந்து.
டோர்ச், பற்றரி கசிந்து பச்சை பூத்திருந்தது.
பிஸ்கட் பக்கற்று ஒன்று.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
பிஸ்கட்டை அவர் மணந்து பார்த்தது
அவ்வளவு சிரிப்பாக இருந்தும் சிரிக்கவில்லை.
தண்ணீர் குடிக்க வந்ததுபோல் வந்து
தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன்.

காலையில் பை பல்கனியில் காய்ந்தது,
சவர்க்கார மணம், கிழிந்த ஓரத்தில் கறுப்பு நூல் தையல்.
பின்னேரம் அதற்குள்
ஆறு துணி, ஒரு பிளாஸ்க்,
கிளினிக் அட்டை, என் மேற்சட்டை இரண்டு.
திரும்பவும் கதவடியில் வைத்தார்.
ஆஸ்பத்திரிக்கா என்றேன்.
"ம். போயிட்டு வாறதுக்கு."

தொட்டில் இப்போது மூலையில்.
ஒரு விரல் நுழையாது இந்தப் பக்கமும்.
பிரிட்ஜ் மோட்டர் ஓடத் தொடங்கினால்
தொட்டிலும் கூடவே மெல்ல நடுங்குகிறது.
தாலாட்டு என்கிறார் அவர்,
கண்டுபிடித்தவர்போல.

கரண்ட் போனால் ஆர் ஆட்டுறது
என்கிறேன் நான்.